உப்புக்காற்றும் பழைய மரமும்: கடற்கரை வீடுகளில் மரச்சாமான்களைப் புதுப்பித்தல்

மரச்சாமானைப் புதுப்பித்தல் என்பது, மரத்தின் மேல் ஏற்கெனவே இருக்கும் பூச்சை அகற்றி அல்லது செப்பனிட்டு, அடியிலுள்ள மரத்தைத் தூய்மை செய்து, புதிய பூச்சால் அதற்கு மீண்டும் காப்பளிக்கும் பணி முழுவதையும் குறிக்கும். பூச்சு என்னும் சொல் இந்த அத்தியாயத்தில் மர ரேகையைக் காட்டும் பாலிஷ், வார்னிஷ் ஆகியவற்றையும், ரேகையை மறைக்கும் பெயின்ட்டையும் சேர்த்தே சுட்டுகிறது. உள்நாட்டு ஊர்களில் இப்பணியை உப்புத்தாள் தேய்ப்பதிலிருந்து தொடங்கலாம். வேம்பாறு முதல் தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம் வழியாக மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறைக் கரையில் அவ்வாறு தொடங்கினால், செலவும் உழைப்பும் ஒரே மழைக்காலத்தில் வீணாகிவிடக்கூடும்; ஏனெனில் இக்கரையில் மரத்தின் மேல் படிந்திருப்பது அழுக்கு மட்டுமன்று, உப்பும்தான். தேய்ப்பதற்கு முன் கழுவுவதும், பூசுவதற்கு முன் உலர விடுவதுமே கடற்கரைக்குரிய முறை. பின்வரும் விளக்கங்கள் அனைத்தும் இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டவை.

இக்கரையின் மரச்சாமான்கள்

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இக்கரையில் காலூன்றியபோது அவர்களுடைய வீட்டுப் பொருள்களோடு பெயர்களும் வந்து சேர்ந்தன. மேசை, அலமாரி, சன்னல், சாவி ஆகிய சொற்கள் போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. மன்னார் வளைகுடாவின் அக்கரையில் ஈழத்தமிழர் நாற்காலியைக் கதிரை என்று அழைப்பதும் அதே மொழியின் தடமே. 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர்; பின்னர் ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழைப் பர்மா ஆங்கிலேயர் வசமான பிறகு இரங்கூன், மௌல்மேன் துறைமுகங்களிலிருந்து தேக்கு பெருமளவில் கப்பலேறியது. இக்கரைப் பழைய வீடுகளின் சாய்வு நாற்காலி, பிரம்புக் கட்டில், துணி அலமாரி ஆகியவற்றில் பர்மாத் தேக்கு காணப்படுவது இதனால்தான்; அவற்றோடு ஈட்டி, பலா, பூவரசு, வாகை ஆகிய உள்நாட்டு மரங்களில் செய்தவையும் கலந்திருக்கின்றன.

எந்த மரம் என்று தெரிந்துகொண்ட பிறகே எந்தப் பூச்சு என்று முடிவு செய்ய வேண்டும். சாமானைக் கவிழ்த்து, வெளியே தெரியாத அடிப்பகுதியில் ஓர் அங்குல இடத்தை மட்டும் கூர்மையான கத்தியால் சுரண்டிப் பார்ப்பது எளிய வழி. பொன்னிறம் கலந்த பழுப்பும், விரலுக்குத் தட்டுப்படும் எண்ணெய்ப் பசையும், பதனிட்ட தோலை நினைவூட்டும் மணமும் இருந்தால் அது தேக்கு. கருஞ்சிவப்பாகவும் கையில் எடுத்தால் கனமாகவும் இருப்பது ஈட்டி. வெட்டியவுடன் மஞ்சளாகத் தோன்றி நாளடைவில் பழுப்பேறுவது பலா. பல வீடுகளில் பச்சை அல்லது பழுப்பு எனாமல் பெயின்ட்டின் கீழ் நல்ல தேக்கு மறைந்து கிடக்கிறது. அதை வெளியே கொண்டுவரும் வாய்ப்பு இருக்கும்போது அதன்மேல் இன்னொரு பெயின்ட்டைப் பூசுவது அந்த மரத்துக்குச் செய்யும் அநீதியாகும். முற்றி வளர்ந்த காட்டுத் தேக்கு இன்று எளிதில் கிடைப்பதில்லை என்பதை நினைவில் வைத்தே ஒவ்வொரு பழைய சாமானையும் அணுக வேண்டும்.

உப்பு செய்யும் வேலை

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு உரியது; அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்ட உப்பளங்களிலிருந்து வருகிறது. உப்பளத்தில் நீரை ஆவியாக்கும் அதே வெயிலும் காற்றும் கடலோர வீடுகளுக்குள் நுண்ணிய உப்புத் துகள்களையும் கொண்டு சேர்க்கின்றன. சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். இப்பண்பு நீர்த்துக் கசிதல் எனப்படும். மழைநாளில் திறந்து வைத்த உப்புச் சாடி நீர்விட்டிருப்பது இதற்குக் கண்கூடான சான்று.

பூச்சுக்கு அடியில் சிக்கிய உப்பும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நீரை இழுத்துக் கரைகிறது. பங்குனி வெயிலில் மீண்டும் படிகமாகிறது. இவ்வாறு மாறி மாறி நிகழும்போது பூச்சுக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள பிடிப்பு தளர்ந்து, கொப்புளமும் வெண்மையும் தோன்றி, இறுதியில் பூச்சு செதில் செதிலாக உதிர்கிறது. உப்பு கலந்த ஈரம் இரும்பாணியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. அந்த இரும்பு மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளாகிய டானினோடு சேர்ந்து ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறையை உண்டாக்குகிறது.

காலமும் இடமும்

பொங்கலுக்கு முன் வீட்டை வெள்ளையடிக்கும் வழக்கத்தோடு சேர்த்து மரச்சாமானுக்கும் பூச்சு வேலை செய்வது பரவலான பழக்கம். ஆனால் மழை முடிந்தும் முடியாத மார்கழியில் மரம் ஈரத்தை முழுவதும் விட்டிருக்காது. இரவுப் பனியும் பூச்சு உலர்வதைத் தாமதப்படுத்தும். தூத்துக்குடியின் பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் நிறைவடைகிறது. அதையொட்டி அவசரமாக வண்ணம் பூசும் வீடுகளில், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று புழுதியை ஈரப்பூச்சின் மேல் ஒட்டவைத்துவிடும். தை பிறந்து ஓரிரு வாரங்கள் கழிந்த பின் மாசி, பங்குனி வரையிலான காலமே இக்கரையில் மரவேலைப் பூச்சுக்கு ஏற்றது.

நாளின் பொழுதும் முக்கியமானது. காலைப் பனி விலகிய பின், முற்பகலில் கடற்காற்று வலுப்பதற்கு முன் பூச்சு வேலையை முடித்துக்கொள்வது நல்லது. கடலை நோக்கிய சன்னலை மூடி, எதிர்ப்புறக் கதவைத் திறந்து வைத்தால் புகையும் வாடையும் வெளியேறும். உப்பும் நேரே வந்து படியாது. மொட்டைமாடி வெயிலில் பூசினால் மேற்பரப்பு மட்டும் சட்டென்று காய்ந்து, உள்ளே சிக்கிய கரைப்பான் பின்னர் கொப்புளமாக எழும்.

வேலைக்கு முன் ஆய்வு

முதலில் கால்களின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். நாற்காலிக் காலின் அடியில் மரத்தின் குறுக்குவெட்டு முகம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மரம் உயிரோடு நின்றபோது நீரை மேலேற்றிய நுண்குழாய்களின் திறந்த வாய்கள் அங்கேதான் உள்ளன. நாள்தோறும் தரையைத் துடைக்கும் நீரை, கிணற்று நீராயின் அதன் உப்போடும், அக்குழாய்கள் உறிஞ்சி மேலே கொண்டு செல்கின்றன. காலின் கீழ் இரண்டு அங்குலம் மற்ற இடங்களைவிடக் கறுத்திருந்தால், கத்தி முனையை அங்கே மெல்ல அழுத்திப் பார்க்கலாம். முனை நுழைய மறுத்தால் கறை மட்டுமே. மாவில் நுழைவதுபோல் இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது, அந்தப் பகுதியை வெட்டியெடுத்துத் தச்சரைக் கொண்டு புதுத்துண்டு பொருத்த வேண்டும். எத்தனை அழகாகப் பாலிஷ் செய்தாலும் அடிக்கால் கெட்ட நாற்காலி நிலைப்பதில்லை.

அடுத்து, பழைய பூச்சு எது என்று அறிய வேண்டும். மறைவான ஓரிடத்தில் மெருகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துத் துடைக்கும்போது, பூச்சு ஒட்டும் பதத்துக்கு இளகி வந்தால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் அது லாக்கர் எனப்படும் தெளிப்புப் பூச்சு. இரண்டுக்கும் மசியாதது எண்ணெய் வார்னிஷாகவோ எனாமலாகவோ பாலியூரித்தேனாகவோ இருக்கலாம்.

பெயின்ட் பூசிய பழைய சாமானில் ஈயம் இருக்கிறது என்று கருதியே கையாள வேண்டும். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்னும் விதி இந்தியாவில் 2016இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ தீயால் பொசுக்கவோ கூடாது. ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நீர் தொட்டுத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்தி, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிந்து, குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் இல்லாத இடத்தில் வேலை செய்து, வழிந்த குழம்பைத் துணியில் துடைத்தெடுத்து மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

கழுவுதலும் உலர்த்துதலும்

தூத்துக்குடியில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது என்பதால், கழுவுவதற்குக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரையோ குடிநீரையோ பயன்படுத்த வேண்டும். உப்பு நீரால் உப்பைக் கழுவ முடியாது. ஒரு வாளி நீரில் சில துளி திரவச் சோப்பைக் கலந்து, பருத்தித் துணியை நனைத்து இறுகப் பிழிந்து, மரத்தை ரேகையின் திசையில் துடைக்க வேண்டும். அடுத்து, சோப்பில்லாத நல்ல நீரில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நீரை மாற்றித் துடைக்க வேண்டும். சாமானை நனைத்து ஊறவிடுவது நோக்கமன்று. மெல்லிய ஈரத்தில் உப்பைக் கரைத்துத் துணியில் ஏற்றி எடுப்பதே நோக்கம். இழுப்பறையின் உட்புறம், அலமாரியின் முதுகுப்பலகை, இருக்கையின் அடிப்பகுதி ஆகியவை விடுபடக்கூடாது. பழைய பூச்சை அகற்றிய பின் வெற்று மரத்தை மீண்டும் ஒருமுறை இவ்வாறே துடைக்க வேண்டும். பிளைவுட் சாமானுக்கு இதைவிடக் குறைந்த ஈரம் போதும்.

பிரம்புப் பின்னல் தொய்ந்திருந்தால் அதன் அடிப்புறத்தை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்துக் காற்றோட்டத்தில் உலரவிட்டால், காயும்போது சுருங்கிப் பெரும்பாலும் இறுக்கம் பெறும். பிரம்பின் மேல் பெயின்ட் பூசினால் அது நெகிழ்வை இழந்து ஒடியும்.

உலர்த்துவது நிழலில் நடக்க வேண்டும். நேர்வெயில் ஒரு பக்கத்தை மட்டும் சுருக்கிப் பலகையை வெடிக்கச் செய்யும். மரம் உலர்ந்துவிட்டதா என்று அறிய எடைதான் நம்பகமான வழி: முக்காலியையோ இழுப்பறையையோ வீட்டுத் தராசில் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து, தொடர்ந்து மூன்று நாள் எடை மாறாதிருந்தால், மரத்தின் ஈரமும் காற்றின் ஈரமும் சமநிலைக்கு வந்துவிட்டன என்று கொள்ளலாம். தராசில் ஏறாத பெரிய சாமான்களுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும்.

பழைய பூச்சை அகற்றுதலும் செப்பனிடுதலும்

அரக்குப் பாலிஷை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சாலேயே கரைத்தெடுக்கலாம். கெட்டியான எனாமலுக்குப் பெயின்ட் ரிமூவரைத் தடிப்பாகத் தடவி, அது நுரைத்து எழும்போது முனை மழுங்கிய சுரண்டியால் தள்ளியெடுக்க வேண்டும். கையுறையும் திறந்த சன்னலும் இன்றியமையாதவை. விலை குறைவென்று காஸ்டிக் சோடாவைப் பயன்படுத்துவது தவறு. அந்தக் காரம் தேக்கைக் கறுக்கச் செய்து, இழையைச் சிலிர்க்க வைத்து, மூட்டுகளின் பசையையும் கெடுக்கும். அதன் பிறகு 120, 180, 220 என்ற வரிசையில் உப்புத்தாளை, எப்போதும் ரேகையின் போக்கிலேயே, தேய்க்க வேண்டும். எண் கூடக் கூடத் தாளின் சொரசொரப்பு குறையும். ஓர் எண்ணைத் தாண்டிச் சென்றால் முந்தைய தாளின் கீறல் பாலிஷுக்கு அடியில் எழுந்து தெரியும்.

ஆடும் மூட்டுக்கு ஆணி அடிப்பது கடற்கரையில் செய்யத்தகாத வேலை. பழைய நாற்காலிகளின் மூட்டு, கழுந்து எனப்படும் நீட்டுமுனையைத் துளைக்குள் இறக்கி, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையால் ஒட்டப்பட்டதாகும். வச்சிரம் வெந்நீர் ஈரத்தில் இளகும் இயல்புடையதால், மூட்டைச் சுற்றி வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சுற்றிவைத்து மெல்ல அசைத்துப் பிரிக்கலாம். பழைய பசையை முழுவதும் சுரண்டி, தேக்காயின் எண்ணெய்ப் பசை போகத் தின்னரால் துடைத்து, புதுப்பசை வைத்துக் கயிற்றால் இறுக்கி ஒருநாள் விட வேண்டும். ஆணிகளுக்கு மாற்றாகப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே பயன்படுத்த வேண்டும்.

இரும்புக் கறையைப் போக்க, வெந்நீரில் கரைத்த ஆக்சாலிக் அமிலத்தைத் தூரிகையால் தடவி, கறை மங்கியதும் நல்ல நீரால் பலமுறை துடைக்க வேண்டும். அது நச்சுப்பொருள் என்பதால் கையுறை அணிந்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். சுண்ணாம்புத் தெறிப்பு நீர் கலந்த வினிகருக்கு இளகும். ஆனால் முத்துச்சிப்பி பதித்த பெட்டியோ சட்டமோ ஆயின், இவ்விரு அமிலங்களையும் அருகிலேயே கொண்டுபோகக்கூடாது. சிப்பியும் சுண்ணாம்புச் சேர்மமே என்பதால் அமிலம் பட்ட இடத்தில் அதன் ஒளி அழிந்துவிடும். 1961இல் நடந்ததே மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் கடைசி முத்துக்குளிப்பு. ஆகவே பழைய சிப்பி வேலைப்பாட்டின் ஒரு துண்டுகூடக் கவனக்குறைவால் போய்விடக்கூடாது.

ஊசித்துளைகளும் அவற்றின் கீழ் மெல்லிய மாவும் தென்பட்டால் மரவண்டு இருக்கிறது. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீர்க்கரைசலைப் பூச்சு நீக்கிய வெற்று மரத்தில் இருமுறை தடவி உலரவிட்டால், அது இழைக்குள் ஊறிக் காப்பளிக்கும். பூச்சின் மேல் தடவினால் பயனில்லை.

அரக்குப் பாலிஷ்

அரக்கு என்பது புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். இதை ஆராய்வதற்கென்றே 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் இந்திய அரக்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. தூய்மை செய்த அரக்குச் செதிலை மெருகு ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ் கிடைக்கும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 முதல் 180 கிராம் செதில் என்ற அளவில் கண்ணாடிச் சீசாவில் இட்டு, அவ்வப்போது குலுக்கி, ஓரிரு நாளில் கரைந்ததும் மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். இரும்புப் பாத்திரத்தில் வைத்தால் நிறம் கறுக்கும். ஆறு மாதத்துக்கு மேல் பழகிய கரைசல் சரியாக உலராது. பாரதக் கதையின் அரக்கு மாளிகை நினைவூட்டுவதுபோல் அரக்கு எரியக்கூடியது, ஸ்பிரிட்டோ அதனினும் எளிதில் தீப்பற்றுவது. ஆகவே அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில்தான் இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

பூசும் கருவி துணிப்பந்து. எலுமிச்சை அளவு பஞ்சுக் கழிவை, பலமுறை துவைத்து நூல் பிரியாத வெள்ளை வேட்டித் துண்டில் பொதிந்து முறுக்கினால் பந்து தயார். பாலிஷைப் பஞ்சின் மேல் ஊற்றி, துணியின் வழியே கசியும் அளவுக்கு மட்டும் பிழிந்து, மரத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். நடுவில் பந்து நின்றால் அடியிலுள்ள படலம் கரைந்து வடு விழும். ஒவ்வொரு படலமும் காய அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டு, முதல் மூன்று படலங்களுக்குப் பின் 320 எண் தாளால் தடவியதுபோல் தேய்த்து, ஆறு முதல் பத்துப் படலம்வரை ஏற்றலாம். பூசும்போதே படலம் பால்போல் வெளுத்தால் காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது என்று பொருள். அன்றைய வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும்.

வெந்நீர்க் குவளையும் ஈரமும் படும் உணவு மேசைக்கு அரக்கு மட்டும் தாங்காது. மெழுகு நீக்கிய அரக்கை ஒரு படலம் பூசி, அதன்மேல் இரண்டு அல்லது மூன்று படலம் பாலியூரித்தேன் பூசலாம். மெழுகு நீக்காத அரக்கின் மேல் பாலியூரித்தேன் பிடிக்காது. ஆளிவிதை எண்ணெயைப் பயன்படுத்துவோர், எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடாமல் நீரில் முக்கி வைக்க வேண்டும்; உலரும்போது எழும் வெப்பத்தால் அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

பெயின்ட் பூசுதல்

பலவகை மரங்கள் கலந்த சாமான், பட்டி நிரப்பிய இடங்கள் மிகுந்தவை, ரேகை அழகில்லாத சாதாரண மரம் ஆகியவற்றுக்கே பெயின்ட் பொருந்தும். தேக்கின் மேல் வெளிர்நிறம் பூச நேர்ந்தால், அதன் எண்ணெய் மஞ்சள் கறையாக மேலெழாதிருக்க முதலில் மெழுகு நீக்கிய அரக்கை ஒரு படலம் பூச வேண்டும். அதன்பின் பிரைமர், பள்ளங்களுக்குப் பட்டி, 220 எண் தாள் தேய்ப்பு, இரண்டு மெல்லிய படலம் பெயின்ட் என்ற வரிசை பின்பற்றப்படும். ஒரே தடிப்பான படலம் வழிந்து சுருங்கும். அலமாரியின் முகப்புக்கு மட்டும் பூசி முதுகைவிட்டால், பூசாத பக்கம் ஈரத்தை உறிஞ்சிப் பலகையை வளைக்கும் என்பதால் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரு படலமாவது தேவை.

துறைமுக ஊருக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. படகின் அடிப்பாகத்துக்குப் பூசும் பெயின்ட், கொட்டலசு முதலிய கடலுயிர்கள் ஒட்டாதிருக்கச் செம்பு ஆக்சைடு போன்ற நச்சுப்பொருள் சேர்த்துச் செய்யப்படுவது. படகுக்குப் போக மீந்த அந்தப் பெயின்ட்டைத் தொட்டிலுக்கோ கட்டிலுக்கோ பூசவே கூடாது. கடலில் நிலைப்பது வீட்டிலும் நிலைக்கும் என்னும் எண்ணம் இங்கே கேடு விளைவிக்கும்.

பேணுதல்

வேலை முடிந்ததும் கால்களின் அடிமுகத்தில் எப்பாக்சியைத் தடவி, நுண்குழாய்களின் வாயை அடைத்துவிட வேண்டும். சாமானைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வைத்தால் சுவரின் ஓதம் ஏறாது. வாரம் ஒருமுறை நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும், உடனே உலர்ந்த துணியாலும் துடைத்துவந்தால் புதிய உப்பு சேராது. ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்தில், அரக்குப் பூச்சின் மேல் ஸ்பிரிட் சற்று மிகுந்த பாலிஷைத் துணிப்பந்தால் ஒரு படலம் இழுத்தால் பழைய படலம் இளகிப் புதியதோடு ஒன்றாகும். மீண்டும் சுரண்ட வேண்டிய தேவை நேராது. தூத்துக்குடியின் தோணிகளை ஒருமுறை கட்டி முடித்ததோடு எவரும் விட்டுவிடுவதில்லை. பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பற்று வேலையும் எண்ணெய்ப் பூச்சும் திரும்பத் திரும்ப நடப்பதால்தான் அவை உப்பு நீரில் நெடுங்காலம் மிதக்கின்றன. வீட்டிலுள்ள மரத்துக்கும் அதே கவனிப்பில் ஒரு சிறு பங்கு, ஆண்டுக்கு ஒரு முற்பகல் அளவில், கிடைத்தால் போதுமானது.